கூண்டு ஏற்றச் சொன்ன கேப்டன்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் புயல் எச்சரிக்கை பற்றிய கட்டுரையின் ஓரத்தில் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் என்கிற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியைப் பற்றி நாலே வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அதனால் இந்த வாரம் பகுதி முழுக்க அவருக்கே.

கேள்வி: சார், புயல் சமயத்தில் "ஒன்றாம் எண் கூண்டு, மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது" என்று டிவியில் சொல்கிறார்கள். சின்ன வயதிலிருந்து கேட்கிறேன், இன்னும் ஒரு தடவைகூட என் கண்ணில் பட்டதில்லை. இதற்கும் அந்த வெள்ளைக்காரருக்கும் என்ன சம்பந்தம்?
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: சம்பந்தம் இருக்கிறது. கூண்டு என்று நாம் சொல்வது துறைமுகக் கொடிமரத்தில் ஏற்றுகிற கூம்பு, உருளை வடிவங்களைத்தான். இரவில் அதற்குப் பதில் விளக்குகள். கடலில் இருப்பவன் தூரத்திலிருந்தே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், எழுத்துப் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது, அதற்காகத்தான் வடிவம். இந்த ஏற்பாட்டை 1861 பிப்ரவரியில் பிரிட்டனின் துறைமுகங்களில் தொடங்கி வைத்தவர் ஃபிட்ஸ்ராய்.

அவர் வைத்த முறை ரொம்ப எளிமை. கறுப்புச் சாயம் பூசிய கித்தான் துணியில் ஒரு கூம்பு, ஒரு உருளை, அவ்வளவுதான். கூம்பின் முனை மேலே பார்த்தால் வடக்குப் பக்கத்திலிருந்து பலத்த காற்று, நம் மீனவர்கள் சொல்கிற வாடைப் பக்கம். முனை கீழே பார்த்தால் தெற்கு, அதாவது சோழகப் பக்கம். உருளை மட்டும் ஏறினால் காற்று ஒரு திசையில் அடித்துவிட்டு எதிர்த்திசையிலிருந்தும் திரும்ப அடிக்கும். கூம்பும் உருளையும் சேர்ந்து ஏறினால் கடும் புயல், கடலுக்குப் போகாதே. நம் ஊரில் இப்போது இருக்கிற 1 முதல் 11 வரையிலான எண் முறை பிற்பாடு இந்தியத் துறைமுகங்களுக்காக வகுக்கப்பட்டது, அதில் விவரம் அதிகம். ஆனால் கொடிமரத்தில் கூம்பையும் உருளையையும் ஏற்றிக் கடல்காரனுக்குச் சேதி சொல்வது என்கிற யோசனை அங்கிருந்து வந்ததுதான்.

அந்த யோசனையை அரசாங்கத்தின் காதில் ஏற வைத்தது ஒரு பெரிய சாவு. 1859 அக்டோபர் 25 இரவு பிரிட்டன் கடற்கரையைப் புயல் புரட்டிப் போட்டது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து தங்கம் தோண்டச் சென்றவர்களையும் அவர்கள் சேர்த்த தங்கத்தையும் ஏற்றிக்கொண்டு லிவர்பூலுக்கு வந்துகொண்டிருந்தது 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல். உலகத்தைப் பாதி சுற்றி வந்த கப்பல், ஊர் சேர இன்னும் சில மணி நேரமே இருந்தது. வேல்ஸ் பக்கம் ஆங்கிள்சி தீவின் பாறையில் மோதி உடைந்தது. ஏறக்குறைய 450 பேர் செத்தார்கள், பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அலை அவர்களைப் பாறையில் அடித்துக் கொன்றது. அந்த ஒரே புயலில் மொத்தம் 133 கப்பல்கள் மூழ்கின, சுமார் 800 உயிர்கள் போயின.

ஃபிட்ஸ்ராய் அந்தப் புயலின் போக்கை ஊர் ஊராகப் பதிவுகளை வாங்கி வரைந்து பார்த்தார். புயல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர மணிக்கணக்கில் ஆகிறது. தந்தியோ நொடியில் போகிறது. தென்மேற்கு முனையில் காற்றழுத்தம் சரிகிறபோதே ஒரு தந்தி கொடுத்திருந்தால் வடக்கே இருந்தவர்கள் தப்பியிருக்கலாமே என்று வாதாடினார். இன்று கேட்டால் இது சாதாரண விஷயம். அன்று அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

கேள்வி: டார்வினைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போன கேப்டன் இவர்தானே? ஒரு போர்க்கப்பல் கேப்டன் எதற்காக 22 வயதுப் பையனைச் சொந்த விருந்தாளியாகக் கூட்டிப் போக வேண்டும்?
– மதுரை, கல்லூரி மாணவி

பதில்: அவரேதான், 'பீகிள்' கப்பலின் கேப்டன். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல அந்தக் கப்பலில் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று சொல்லியாக வேண்டும்.

பீகிளின் முதல் கேப்டன் பிரிங்கிள் ஸ்டோக்ஸ். தென் அமெரிக்காவின் அடிமுனையில், வெயிலே தெரியாத, எந்நேரமும் மழையும் காற்றுமாக இருக்கிற மெகல்லன் நீரிணையில் மாதக்கணக்காகக் கடற்கரையை அளந்துகொண்டிருந்த மனிதர், 1828-ல் மனம் உடைந்து தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் இடத்துக்கு அனுப்பப்பட்டவர்தான் ஃபிட்ஸ்ராய், வயது 23. பிரபுக் குடும்பம், தாத்தா ஒரு டியூக். 12 வயதில் போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்து, லெப்டினென்ட் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவர்.

இன்னொன்று, அவர் குடும்பத்திலேயே ஒரு தற்கொலை நடந்திருந்தது. தாய்மாமன் காசில்ரே பிரபு, பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர், 1822-ல் தற்கொலை செய்துகொண்டார். ஆக, இரண்டாவது பயணத்துக்குக் கிளம்பும்போது ஃபிட்ஸ்ராய்க்கு ஒரு பயம் இருந்தது. அந்தக் காலக் கடற்படையில் கேப்டன் தனியாகத்தான் சாப்பிட வேண்டும், கீழே வேலை செய்கிறவர்களோடு மனம் விட்டுப் பேசக்கூடாது, அது ஒழுங்கு. வருஷக்கணக்கில் அப்படி இருந்தால் மனசு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். படித்த, இயற்கை ஆராய்ச்சியில் ஆர்வமுள்ள, மேசையில் எதிரே உட்கார்ந்து சமமாகப் பேசக்கூடிய ஒருவர் வேண்டும் என்று தேடினார். கிடைத்தவர் சார்லஸ் டார்வின். முதல் சந்திப்பில் டார்வினுடைய மூக்கைப் பார்த்து, இப்படிப்பட்ட மூக்கு உள்ளவனுக்கு இந்தப் பயணத்துக்கு வேண்டிய உறுதி இருக்காது என்று நினைத்தாராம். முக அமைப்பை வைத்துக் குணம் சொல்கிற சாஸ்திரத்தில் அப்போது அவருக்கு நம்பிக்கை. பிறகு டார்வினே இதை எழுதியிருக்கிறார்.

இருவருக்கும் சண்டையும் வந்தது. பிரேசிலில் ஒரு பெரிய பண்ணைக்காரர் தன் அடிமைகளைக் கூப்பிட்டு "உங்களுக்கு விடுதலை வேண்டுமா" என்று கேட்டாராம், எல்லோரும் வேண்டாம் என்றார்களாம். ஃபிட்ஸ்ராய் இதைப் பெருமையாகச் சொன்னார். எஜமான் முன்னால் நின்று சொன்ன பதிலுக்கு என்ன மதிப்பு என்று டார்வின் கேட்டார். கேப்டனுக்குக் கோபம் தலைக்கேறி, இனி நாம் சேர்ந்து இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். சில மணி நேரத்தில் அவரே மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பினார். அந்தக் கேள்வியில் டார்வின் பக்கம்தான் நியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேப்டனின் கோபம் கப்பல் முழுக்கப் பிரசித்தம். காலையில் கடமை மாறும்போது இளம் அதிகாரிகள் "இன்றைக்குச் சூடான காபி எவ்வளவு ஊற்றப்பட்டது?" என்று கேட்டுக்கொள்வார்கள், கேப்டன் எப்படி இருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். ஆனால் இதே மனிதர்தான் பயணம் தொடங்கும்போது டார்வினுக்கு சார்லஸ் லயல் என்ற நிலவியல் அறிஞரின் நூலின் முதல் பாகத்தைப் பரிசாகக் கொடுத்தவர். டார்வினின் சிந்தனையைத் திருப்பிய புத்தகம் அது.

கேள்வி: நான் மெர்ச்சன்ட் நேவியில் இருந்து ஓய்வு பெற்றவன். டார்வினைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். பீகிள் கப்பல் எதற்காகப் போனதோ அந்த வேலை நடந்ததா? அதை யாரும் சொல்வதில்லையே ஐயா.
– தூத்துக்குடி வாசகர்

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்காக உங்களுக்குத் தனியாக நன்றி. நடந்தது, மிக நன்றாக நடந்தது.

கப்பலின் வேலை இரண்டு. தென் அமெரிக்கக் கரையோரத்தை அளந்து வரைபடம் போடுவது ஒன்று. உலகத்தைச் சுற்றி வந்து முக்கியமான இடங்களின் தீர்க்கரேகையைக் கடிகாரம் கொண்டு சரிபார்ப்பது இன்னொன்று. உங்களுக்குத் தெரியாதது இல்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது, அப்படியானால் நாலு நிமிஷத்துக்கு ஒரு பாகை. புறப்பட்ட ஊரின் நேரத்தைத் துல்லியமாகக் கையில் வைத்திருந்தால், நின்ற இடத்தில் சூரியனைப் பார்த்து உள்ளூர் நேரம் கண்டு, வித்தியாசத்தைத் தீர்க்கரேகையாக மாற்றிவிடலாம். கடிகாரம் நாலு நிமிஷம் பிசகினால், நிலநடுக்கோட்டுப் பக்கம் 60 கடல்மைல் தள்ளி நிற்பதாக நினைத்துக்கொள்வீர்கள். பாறை மேல் ஏற அது போதும்.

அதனால் ஒன்றல்ல, 22 குரோனோமீட்டர்களை, அதாவது கடலிலும் நேரம் பிசகாத கடிகாரங்களை, எடுத்துப் போனார் ஃபிட்ஸ்ராய். அவற்றில் ஆறு அவர் சொந்தக் காசில் வாங்கியவை. கப்பலின் ஆட்டம் மிகக் குறைவாக இருக்கிற இடத்தில் ஒரு சின்ன அறை, அதில் மரத்தூள் நிரப்பிய தட்டில் ஒவ்வொரு பெட்டியும், கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் கடிகாரம் படுக்கையாகவே இருக்கும்படி. சாவி கொடுப்பதற்கும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குமென்றே ஜார்ஜ் ஸ்டெபிங் என்ற கருவி நிபுணரையும் சம்பளம் தன் கையிலிருந்து கொடுத்துக் கூட்டிப் போனார். கிட்டத்தட்ட ஐந்து வருஷம், வெயிலும் பனியும் புயலும் பட்டு உலகத்தைச் சுற்றி வந்து எல்லா இடைவெளிகளையும் கூட்டிப் பார்த்தபோது, 24 மணி நேரம் வர வேண்டிய இடத்தில் 33 நொடி மட்டும் அதிகம் வந்தது. வெறும் 33 நொடி! அந்தக் காலக் கடிகாரங்களோடு இதைச் செய்தவர் எவ்வளவு பிடிவாதக்காரராக இருந்திருக்க வேண்டும்.

கப்பல் ஓட்டியதிலும் குறை சொல்ல முடியாது. பீகிள் வகைக் கப்பல்களுக்கு மாலுமிகள் வைத்த பட்டப்பெயர் 'சவப்பெட்டி', அலை மேல்தளத்தில் ஏறினால் தண்ணீர் வெளியேறாமல் தேங்கிக் கவிழ்ந்துவிடும். 90 அடி நீளக் கப்பலில் 70 பேருக்கு மேல். 1833 ஜனவரி 13 அன்று ஹார்ன் முனைப் பக்கம் மூன்று பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்தன. முதல் அலையில் வேகம் நின்றது, இரண்டாவதில் கப்பல் பக்கவாட்டில் திரும்பியது, மூன்றாவது அலை அப்படியே ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டது. பக்கச் சுவரின் கதவுகள் அடைபட்டிருந்ததால் தளத்தில் தண்ணீர் நிரம்பி நின்றது. கடப்பாரை போன்ற மரத்தடிகளால் கதவை அடித்துத் திறந்தார்கள், தண்ணீர் கொட்டி வெளியேற, கப்பல் மெல்ல நிமிர்ந்தது. நாலாவதாக ஓர் அலை வந்திருந்தால் டார்வினும் இல்லை, வானிலை அறிக்கையும் இல்லை.

வேலை அதிகம், கப்பல் ஒன்றுதான் என்று ஃபாக்லாந்துத் தீவுகளில் இன்னொரு பாய்க்கப்பலைத் தன் பணத்தில், சுமார் 1,300 பவுண்டு கொடுத்து வாங்கினார். அரசாங்கம் பணம் தர மறுத்து, கண்டிக்கவும் செய்தது. 1834 கடைசியில் சிலியின் வால்பரைசோவில் அந்தக் கப்பலை விற்றுவிட்டு, உடைந்துபோய், பதவியையே ராஜினாமா செய்தார். துணை அதிகாரி ஜான் விக்கம் நினைத்திருந்தால் அன்றே கேப்டன் ஆகியிருக்கலாம். அவர் அதைச் செய்யாமல், பேசிப் பேசி இவரைத் திரும்ப உட்கார வைத்தார். விக்கமை யாருமே நினைவில் வைத்திருப்பதில்லை, எனக்கு அது வருத்தம்தான்.

உங்கள் தொழிலோடு தொடர்புள்ள இன்னொரு விஷயம். 1841-ல் எம்.பி. ஆன பிறகு, வணிகக் கப்பல்களில் கேப்டனாகவும் மேட்டாகவும் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) வருகிறவர்களுக்குத் தேர்வும் சான்றிதழும் வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். 1850 சட்டத்தில்தான் அது கட்டாயமானது. நீங்கள் எழுதிய பரீட்சையின் ஆரம்பத்தில் அவர் கையும் இருக்கிறது.

கேள்வி: இவரைப் புகழ்கிறீர்கள். பூர்வகுடி மக்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் இவர். குழந்தையைக்கூட விடவில்லை. இதை மறைக்கப் போகிறீர்களா?
– திருநெல்வேலி, ஆசிரியை

பதில்: மறைக்கவில்லை அம்மா. அது தவறு, பெரிய தவறு.

1830-ல், முதல் பயணத்தில், தென் அமெரிக்காவின் அடிமுனையில் உள்ள தியெரா தெல் ஃபுவேகோ தீவுகளில் அவருடைய படகு ஒன்று திருடு போனது. படகைத் தேடிப்போய் அங்குள்ள மக்களைப் பிணையாகப் பிடித்தார். பெரும்பாலானவர்கள் தப்பிவிட்டார்கள், கடைசியில் நாலு பேர் கப்பலில் இருந்தார்கள். ஒருத்தி சுமார் 9 வயதுச் சிறுமி. இன்னொருவன் 14 வயதுப் பையன், அவனைச் சிப்பிப் பொத்தான் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் படகிலிருந்து ஏற்றிக்கொண்டார்கள், அதனாலேயே 'ஜெம்மி பட்டன்' என்று பெயரும் வைத்தார்கள். சொந்தப் பெயர் ஒருண்டெலிகோ. இவர்களுக்கு ஆங்கிலமும் கிறிஸ்தவமும் விவசாயமும் கற்றுக்கொடுத்துத் திருப்பி அனுப்பினால் அவர்கள் இனத்துக்கே நன்மை என்று ஃபிட்ஸ்ராய் மனப்பூர்வமாக நம்பினார். அவர்களைக் கேட்டாரா? கேட்கவில்லை. ஒருவர் இங்கிலாந்தில் இறங்கிய கொஞ்ச நாளிலேயே அம்மை கண்டு இறந்தார். மற்ற மூவரும் லண்டனுக்கு அருகில் வால்தம்ஸ்டோவில் ஒரு பள்ளியில் படித்தார்கள், அரசரையும் அரசியையும் பார்த்தார்கள்.

அவர்களைத் திரும்ப ஊரில் விட அரசாங்கம் முதலில் அக்கறை காட்டவில்லை. ஃபிட்ஸ்ராய் தன் செலவில் தனிக் கப்பலையே வாடகைக்குப் பேசினார். பிறகுதான் பீகிளின் இரண்டாம் பயணம் உறுதியாயிற்று. டார்வின் போன அந்தப் புகழ்பெற்ற பயணத்துக்கு, இந்த மூன்று பேரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஒரு காரணம். கூடவே லண்டன் நல்லவர்கள் கொடுத்தனுப்பிய ஒயின் கிளாஸ், சூப் பாத்திரம், தேநீர்த் தட்டு எல்லாம் போயின, பனிக்காற்றில் குடிசை போட்டு வாழ்கிற மக்களுக்கு.

1833 ஜனவரியில் அவர்களை இறக்கிவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து பீகிள் மறுபடி அங்கே போனபோது ஒரு சிறு படகில் மெலிந்து, இடுப்பில் ஒரு துண்டுத் தோல் மட்டும் கட்டிய ஒருவன் வந்தான். கப்பலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஜெம்மிதான். உடை கொடுத்து கேப்டனின் மேசையில் உட்கார வைத்தார்கள், பழையபடி கத்தியும் முள்ளும் பிடித்து ஒழுங்காகச் சாப்பிட்டான். இங்கிலாந்துக்குத் திரும்ப வருகிறாயா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றான், அவனுக்கு அப்போது மனைவி இருந்தாள். ஃபிட்ஸ்ராய்க்கு நீர்நாய்த் தோலும் டார்வினுக்கு ஈட்டி முனைகளும் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனான். மற்றவர்கள் எழுதிய பதிவில்தான் இதெல்லாம் நமக்குக் கிடைக்கிறது, ஜெம்மி தன் கதையை எழுதி வைக்கவில்லை. அதனால் இந்தக் கதையில் கேப்டன் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு இருந்தார் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: நியூசிலாந்தில் கவர்னராகவும் இருந்தாராமே?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: இருந்தார், 1843 முதல் 1845 வரை. பணமும் படையும் இல்லாத பதவி அது. அவர் போவதற்குச் சில மாதம் முன்னால் வைராவ் என்ற இடத்தில் நிலத் தகராறில் மோதல் நடந்து 22 வெள்ளையர்கள் இறந்திருந்தார்கள். விசாரித்துப் பார்த்துவிட்டு, வாங்காத நிலத்தை அளக்கப்போன குடியேறிகள் மேல்தான் முதல் குற்றம் என்று அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகள் முன்னிலையிலேயே சொன்னார். நியாயமான தீர்ப்பு, ஆனால் அன்றோடு குடியேறிகள் அவருக்கு எதிரி ஆகிவிட்டார்கள். அப்புறம் வடக்கே ஹோனே ஹெகே என்ற மாவோரித் தலைவர் பிரிட்டிஷ் கொடிமரத்தை மீண்டும் மீண்டும் வெட்டிச் சாய்த்தார், 1845 மார்ச்சில் கொரோராரெகா ஊரே எரிந்தது. லண்டன் இவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. நிர்வாகத்தில் அவர் தோற்றார் என்றுதான் சொல்ல வேண்டும், பொறுமையும் நெளிவுசுளிவும் அவரிடம் கிடையாது.

கேள்வி: கனமழை என்று பள்ளிக்கு லீவு விடுகிறார்கள், வெயில் கொளுத்துகிறது. அறிக்கை இல்லாத நாளில் கொட்டித் தீர்க்கிறது. இந்த வானிலை அறிக்கையை ஆரம்பித்தவரும் இப்படித் திட்டு வாங்கினாரா?
– சென்னை வாசகி

பதில்: நம்மைவிட நூறு மடங்கு வாங்கினார்.

1854-ல் பிரிட்டிஷ் வர்த்தகத் துறையில் வானிலைக்கென்று ஒரு சின்னப் பிரிவு தொடங்கி ஃபிட்ஸ்ராயிடம் கொடுத்தார்கள். பிரிட்டனின் இன்றைய வானிலைத் துறையான மெட் ஆபீஸ் அதிலிருந்து வளர்ந்ததுதான். அவருக்குக் கொடுத்த வேலை புள்ளிவிவரம் சேகரிப்பது மட்டும். கப்பல்களுக்குக் கருவி கொடுத்து, பதிவுகளை வாங்கி, அட்டவணை போட வேண்டும். ஆனால் அவருக்கு வேறொரு கணக்கு இருந்தது. 1829 ஜனவரியில், கேப்டனான புதிதில், உருகுவே கரையில் பாரோமீட்டர் (காற்றழுத்தம் காட்டும் கருவி) இறங்கியதைப் பார்த்தும் அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'பாம்பேரோ' என்று அங்கே சொல்கிற திடீர்ச் சூறாவளி அடித்து, பாய்மரத்தில் இருந்த இரண்டு மாலுமிகள் கடலில் போனார்கள். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க பாரோமீட்டரை விட்டு அவர் கண் அகலவில்லை. ஏழை மீனவக் கிராமங்களுக்கு அரசு செலவில் பாரோமீட்டர் கொடுத்து, கரையிலேயே கல்லில் மாடம் கட்டி வைக்கச் செய்தார், எப்படிப் படிப்பது என்று எளிய விளக்கத்தோடு. சில ஊர்களில் அவை இன்றும் இருக்கின்றன.

1861-ல் புயல் எச்சரிக்கை தொடங்கியது. அதே வருஷம் ஆகஸ்ட் 1 அன்று லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் முதல் வானிலை முன்னறிவிப்பு வெளிவந்தது. வடக்கே மிதமான மேல்காற்று, மேற்கே மிதமான தென்மேற்குக் காற்று, தெற்கே சற்றுப் பலமான மேல்காற்று, எங்கும் நல்ல வானிலை என்று மொத்தமே சில வரிகள். காலையில் கரையோர நிலையங்களிலிருந்து தந்திகள் வரும், காற்றழுத்தம், வெப்பம், காற்றின் திசை எல்லாம் அதில் இருக்கும், அவற்றை ஒழுங்குபடுத்தி முற்பகலுக்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். செயற்கைக்கோள் இல்லை, ரேடார் இல்லை, அட்லாண்டிக் கடலில் என்ன உருவாகிறது என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. பிரிட்டனுக்குப் புயல் வருவதே பெரும்பாலும் அந்தத் திசையிலிருந்துதான். இது ஜோசியம் அல்ல, இருக்கிற விவரங்களை வைத்துக் கணித்துச் சொல்லும் கருத்து என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். யார் கேட்டது?

தவறிய நாள்களைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன, அவர் அறிக்கையை வெளியிட்ட 'டைம்ஸ்' உட்பட. நாடாளுமன்றத்தில் கேலி. அறிவியல் வட்டாரத்தில், கொள்கை எதுவும் நிறுவாமல் இப்படிச் சொல்லலாமா என்று கோபம். கூண்டு ஏறினால் படகு போகாது, படகு போகாவிட்டால் அன்றைய வருமானம் போச்சு என்று படகு முதலாளிகளில் சிலருக்கு எரிச்சல். கடலுக்குப் போகிறவர்கள் மட்டும் அவர் பக்கம் நின்றார்கள். எச்சரிக்கை பொய்த்த நாளில் முதலாளிக்கு ஒரு நாள் வருமானம்தான் நட்டம், எச்சரிக்கை இல்லாமல் புயல் வந்தால் போவது மீனவனின் உயிர். லீவு விட்ட நாளில் வெயில் அடித்தால் என்ன அம்மா, பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதானே.

கேள்வி: அவர் முடிவு எப்படி? டார்வினுக்கு உதவிவிட்டோமே என்ற வேதனையில் இறந்தார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.
– திருச்சி வாசகர்

பதில்: அந்த வீடியோ விஷயத்தை ரொம்பச் சுருக்கிவிட்டது. வயதாக ஆக அவர் பைபிளை எழுத்துக்கு எழுத்து நம்பினார், டார்வினின் புத்தகம் அவரைக் காயப்படுத்தியது, அது உண்மை. 1860 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டில் பரிணாமம் பற்றி நடந்த பெரிய விவாதத்தில் பைபிளைக் கையில் தூக்கிப் பிடித்து அதை நம்புங்கள் என்று கெஞ்சினார். ஆனால் 1865 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை காலை, லண்டனுக்குத் தெற்கே அப்பர் நார்வுட்டில் தன் வீட்டில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்வது அநியாயம். இளமையிலிருந்தே வந்து வந்து போன மனச்சோர்வு, ஓயாத வேலை, மங்கிவந்த காது, நாள் தவறாத விமர்சனம், அரசாங்க வேலைக்காகச் சொந்தச் சொத்தைக் கரைத்ததால் வந்த கடன் எல்லாம் சேர்ந்திருந்தன. மனநோய்க்கு மருத்துவம் என்று ஒன்று இல்லாத காலம். இன்று இருக்கிறது. இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி ஓர் எண்ணம் வந்தால் 104 அல்லது 14416 எண்ணுக்குப் பேசுங்கள், எந்த நேரமானாலும் சரி.

அவர் இறந்த பிறகு குடும்பத்துக்காக நண்பர்கள் நிதி திரட்டினார்கள். டார்வின் 100 பவுண்டு கொடுத்தார். அடுத்த வருஷம் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிவியலாளர் தலைமையில் குழு போட்டு, ஃபிட்ஸ்ராயின் முறைக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று சொல்லி, முன்னறிவிப்போடு புயல் கூண்டையும் நிறுத்திவிட்டார்கள். துறைமுகங்களிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது, ஒரு வருஷத்துக்குள் கூண்டு திரும்ப ஏறியது. பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு வர 1879 ஆயிற்று.

கேள்வி: இந்தியாவுக்கு இது எப்போது வந்தது?
– கடலூர் வாசகர்

பதில்: நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம். 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஹூக்ளி ஆற்றில் கடல் ஏறி வந்து பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அதற்கடுத்த 1865-லேயே கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தொடங்கிவிட்டது. நாடு முழுமைக்குமான இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ல்தான் அமைந்தது. துறை பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்பே எச்சரிக்கை இருந்திருக்கிறது. ஃபிட்ஸ்ராய் தனிப்பட்ட முறையில் இந்தியாவுக்காக எதுவும் செய்ததாகச் சொல்ல மாட்டேன், வழி காட்டியவர் என்பது வரைதான்.

கேள்வி: 'ஃபிட்ஸ்ராய் புயல் கண்ணாடி' என்று ஆன்லைனில் ஒரு குடுவை விற்கிறார்கள். உள்ளே படிகம் வளர்வதை வைத்து மழையைக் கணிக்கலாம் என்கிறார்கள். வாங்கலாமா?
– சேலம் வாசகி

பதில்: மேசையில் அழகுக்கு வைக்க வேண்டுமானால் தாராளமாக வாங்குங்கள். உள்ளே இருப்பது கற்பூரம், வெடியுப்பு, நவச்சாரம், சாராயம், தண்ணீர். ஃபிட்ஸ்ராய் அதைக் கண்டுபிடிக்கவில்லை, அவருக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது, அவர் கவனித்துப் பதிவு செய்து எழுதியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. மூடிய குடுவைக்குள் வெளிக்காற்றின் அழுத்தம் போகாது, படிகம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் அறையின் வெப்பத்தைப் பொறுத்தே. ஏ.சி. போட்டால் 'புயல்' காட்டும். மழை தெரிய வேண்டுமானால் வானிலை மையத்தின் அறிக்கையைப் பாருங்கள், அது இலவசம்.